நத்தையோட்டின் நிறமும் வரியும்: புகழ்பெற்ற ஓர் ஆய்வின் மதிப்பீடு

உயிரினங்களின் கூர்ப்பினை விளக்கப் புகுந்த நூல்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் சான்றுகள் சிலவே. கலபாகோசுத் தீவுகளின் குருவிகளும், இங்கிலாந்தின் கைத்தொழில் நகர்களை அடுத்துக் கருமை பெற்ற அந்துப்பூச்சியும், ஐரோப்பியத் தோப்புகளில் வாழும் வரியோட்டு நத்தையும் அவற்றுள் தலையாயன. முதலிரண்டையும் மாணவர் ஓரளவு விரிவாகக் கற்பர். மூன்றாவது பெரும்பாலும் ஒரு பந்தியில் முடிந்துவிடும். பழுப்பு இலைச்சருகு மூடிய காட்டில் வரியற்ற பழுப்பு ஓடுகளும் இளஞ்சிவப்பு ஓடுகளும் மிகுதி. பசும்புற்றரையில் வரியுடைய மஞ்சள் ஓடுகள் மிகுதி. நிலத்தின் நிறத்தோடு ஒவ்வாத ஓட்டைப் பறவை எளிதிற் கண்டு தின்றுவிடுகிறது. ஆகவே இது இயற்கைத் தேர்வு. இவ்வளவே அப்பந்தியின் சாரம். இதைப் படித்தவர் ஐயம் ஏதுமின்றி அடுத்த பந்திக்குச் செல்வர். அவ்வளவு எளிதாகச் செல்லத் தகுமா என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

இவ்வாராய்ச்சி நம் நாட்டு மாணவர்க்குப் புறம்பானதன்று. கல்முனைக்கு மேற்கே, நெல்வயல்களும் தென்னந்தோட்டங்களும் சூழ்ந்த சொறிக்கல்முனையில் வடகீழ்ப் பருவக்காற்றின் முதல் மழை விழுந்ததும் வேலியோரத்திலும் வாழைப்பாத்தியிலும் முருங்கைத் தண்டிலும் ஆபிரிக்கப் பெருநத்தை ஊர்ந்து வரக் காணலாம். செண்பகம் அந்நத்தையைக் கொத்தித் தின்னும். வயலிலே நத்தைகுத்தி நாரை நீர்நத்தையைத் தேடி நிற்கும். வெற்றோடுகள் சிலவற்றை எடுத்து வரிசையாக வைத்து நோக்கின், ஒன்றின் கீற்றுப்போல் மற்றொன்றின் கீற்று இராது. இவ்வேற்றுமை ஏன் என்று ஒரு மாணவன் வினவினால், பாடநூலிற் படித்த அப்பந்தியே அவன் நாவில் விடையாக வரும்: நிலத்தின் நிறம், பறவையின் கண், இயற்கைத் தேர்வு. அவ்விடை ஐரோப்பிய நத்தைக்கே எவ்வளவு பொருந்தும் என்று தெரிந்த பின்னரன்றோ அதனைச் சொறிக்கல்முனைக்குக் கொண்டுவரலாம்?

வழியுரிமையின் வரலாறு

பேசப்படும் நத்தை சீப்பேயா நெமோராலிஸ் எனப்படுவது. இதன் ஓட்டின் அடிநிறம் மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு என மூவகையாகப் பிரிக்கப்படுகின்றது. அவ்வடிநிறத்தின் மீது கருவரிகள் ஐந்து வரை ஓடலாம். ஒன்றேனும் இல்லாதிருத்தலும் உண்டு. வரிகளை மேலிருந்து கீழாக எண்ணி, ஐந்தும் உள்ளதை 12345 என்றும், நடுவரி மட்டும் உள்ளதை 00300 என்றும், வரியே அற்றதை 00000 என்றும் குறிப்பது ஆய்வாளர் வழக்கம். குறியீடு எளிது, எவரும் ஒரு மணி நேரத்திற் பயிலலாம். இந்நத்தை பெருஞ் செல்வாக்குப் பெற்றமைக்கு இவ்வெளிமையும் ஒரு காரணம் எனலாம்.

மெண்டலின் விதிகள் 1900 ஆம் ஆண்டில் மீளக் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே, சுவிற்சர்லாந்தின் சூரிச்சு நகரில் ஆனல்ட் லாங் என்பார் இந்நத்தைகளை இனங்கலந்து வளர்த்து, ஓட்டின் வரி மெண்டலின் விதிப்படியே தலைமுறைக்குச் செல்வதை 1904 இல் வெளியிட்டார். இது எளிதான முயற்சியன்று. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாம் இருபாலி. புணர்ந்தபின் மற்றதன் விந்தை நெடுங்காலம் தன்னுடலிற் சேமித்து வைக்கும். ஆகவே காட்டிலிருந்து பிடித்து வந்த முதிர்ந்த நத்தையின் குஞ்சுகளுக்குத் தந்தை யாதென்று கூறல் இயலாது. முதிரா இளநத்தையைத் தனியே வளர்த்து, முதிர்ந்தபின்னரே சோடி சேர்த்தல் வேண்டும். முதிர்ச்சிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். இரு தலைமுறையைக் காண விழைபவர் பொறுமை உடையவராயிருத்தல் இன்றியமையாதது.

இவ்வகைப் பரிசோதனைகளிலிருந்து தெளிந்த முடிபுகள் பின்வருவன. பழுப்பு நிறம் இளஞ்சிவப்பின்மீதும், இளஞ்சிவப்பு மஞ்சளின்மீதும் ஆட்சியுடையவை. வரியின்மை வரியுடைமையின்மீது ஆட்சியுடையது. நடுவரி மட்டும் தோன்றச் செய்யும் பரம்பரையலகு வேறொன்று. அது வரியற்ற நத்தையில் இருந்தாலும் வெளிப்படாது மறைந்து கிடக்கும். இவற்றினும் வியப்புக்குரியது, நிறத்துக்குரிய அலகும் வரியுடைமைக்குரிய அலகும் ஒரே நிறமூர்த்தத்தில் நெருங்கியமர்ந்து ஒன்றாகவே செல்வதாகும்.

இதன் பொருளை ஓர் உதாரணத்தாற் காணலாம். ஒரு நத்தை இளஞ்சிவப்பும் வரியின்மையும் உடையது. எனினும் தன் பெற்றோருள் ஒன்றிடமிருந்து மஞ்சள் நிறத்தையும் வரியுடைமையையும் மறைவாகப் பெற்றுள்ளது. அதனை மஞ்சள் நிற வரியோட்டு நத்தையோடு சேர்த்து நூறு குஞ்சுகளைப் பெற்றால், ஈரலகுகளும் தனித்தனியே செல்வனவாயின் நான்கு வகைகள் தோன்றி வகைக்கு ஏறத்தாழ இருபத்தைந்தாக அமையும். ஒன்றாகச் செல்வனவாயின் இரு வகைகளே தோன்றும்: ஏறத்தாழ ஐம்பது வரியற்ற இளஞ்சிவப்பு, ஏறத்தாழ ஐம்பது வரியுடைய மஞ்சள். சீப்பேயாவிற் காணப்படுவது பின்னதே. இவ்வாறு பிணைந்து நிற்கும் அலகுத் தொகுதியை மீப்பரம்பரையலகு எனப் பிற்காலத்தார் வழங்கினர். ஆர். ஏ. பிஷரும் சிறில் டைவரும் 1934 இல் வெளியிட்ட ஆய்வு, இப்பிணைப்பும் மிக அரிதாக அறுந்து புதிய சேர்க்கை தோன்றலாம் என்று கூறிற்று.

இப்பகுதி உறுதியானது. எனினும் அது ‘எவ்வாறு’ என்னும் வினாவிற்கே விடை. மூன்று நிறமும் பல வரியமைப்பும் ஒரே புதரில் ஏன் ஒருங்கே வாழ்கின்றன என்பது வேறு வினா. பாடநூற் பந்தியின் முதற்குறை இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதே. நிறம் மெண்டலின் விதிக்கு அமைகிறது என்பதனால், அந்நிறம் நத்தைக்குப் பயனுடையது என்று ஆகிவிடாது.

கெயினும் ஷெப்பார்டும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஓட்டின் வரியாற் பயன் ஏதுமில்லை என்பதே அறிஞர் பலரின் துணிபு. பழைய ஓடுகளை ஆராய்ந்த டைவர், இவ்வேற்றுமைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக நிலவி வருவதைக் காட்டினார். ஏர்ணஸ்ட் மாயர் 1942 இல் வெளியிட்ட நூலிலும் நத்தையின் வரி நடுநிலைப் பண்புக்கு உதாரணமாகக் கூறப்பட்டது. பயனில்லாத பண்பின் ஏற்றத்தாழ்வைத் தற்செயலே தீர்மானிக்கும் என்பது அக்கருத்தின் பின்னணி.

இத்துணிபினை அசைத்தவர்கள் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த ஏ. ஜே. கெயினும் பீ. எம். ஷெப்பார்டும் ஆவர். இவர்களுடைய கட்டுரைகள் 1950 இலும் 1954 இலும் வெளிவந்தன. இவர்கள் செய்தது எளியது. ஆயின் அதற்கு முன் எவரும் அவ்வளவு செம்மையாகச் செய்திராதது. ஒக்ஸ்போர்டைச் சூழ்ந்த காடு, வேலி, புற்றரை ஆகியவற்றில் தனித்தனிக் குடித்தொகைகளை எண்ணினர். ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஓட்டின் வீதத்தை ஒரு திசையிலும், வரியற்றனவாய்த் தோன்றும் ஓடுகளின் வீதத்தை மற்றத் திசையிலுமாக ஒரே வரைபடத்திற் குறித்தனர். காட்டுக் குடித்தொகைகள் ஒரு மூலையிலும், வேலி புற்றரைக் குடித்தொகைகள் எதிர்மூலையிலும் சென்று திரண்டன. மைல்கள் இடைப்பட்ட இரு காடுகள் ஒத்திருந்தன; அடுத்தடுத்துள்ள காடும் புற்றரையும் வேறுபட்டன. தற்செயல் ஒன்றே காரணமாயின் இத்தகைய ஒழுங்கு தோன்றாது.

அடுத்து அவர்கள் கொலையாளியையும் காட்டினர். பாடும் பூங்குருவி நத்தையைக் கௌவிச் சென்று ஒரு கல்லின்மேல் அடித்து உடைத்துத் தின்னும். உடைந்த ஓடுகள் அக்கல்லைச் சுற்றிக் கிடக்கும். தின்னப்பட்டவற்றின் வகைவீதத்தை உயிரோடுள்ளவற்றின் வகைவீதத்தோடு ஒப்பிட்டால், எவ்வகை மிகுதியாக அகப்படுகின்றதென்று அறியலாம். ஷெப்பார்டு 1951 இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நுண்மையான செய்தி உண்டு. வசந்தத்தின் தொடக்கத்தில், காட்டின் தரை பழுப்பாயிருக்கையில், மஞ்சள் ஓடுகள் மிகுதியாகத் தின்னப்பட்டன. தரை பசுமை பெறப்பெற அவ்வீதம் குறைந்து சென்றது. நிலம் மாற மாற அபாயமும் மாறிற்று. இயற்கைத் தேர்வு நிகழுங் காட்சியை இதனினும் தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் அக்காலத்தில் மிகச் சிலவே.

இவ்வாய்வின் பெருமை இரண்டு. ஒன்று, ‘பயனில்லை’ என்று வாளாவிருந்த இடத்தில் எண்ணிப் பார்க்கத் துணிந்தமை. மற்றொன்று, பரிசோதனைச்சாலையிற் கற்ற பிறப்புரிமையியலை வயலுக்கும் காட்டுக்கும் கொண்டுசென்றமை. ஈ. பீ. போர்ட் 1964 இல் வெளியிட்ட சூழற் பிறப்புரிமையியல் நூலிற் சீப்பேயா பெற்ற இடம் தகுதியால் வந்ததே.

எழும் தடைகள்

எனினும் இவ்வாய்வு முற்றிய விடையாகக் கொள்ளப்படுமாயின் நான்கு தடைகள் எழுகின்றன.

முதலாவது தடை தருக்கம் பற்றியது. பறவையின் தேர்வு, புற்றரையில் மஞ்சள் ஏன் மிகுகின்றது என்பதை விளக்கலாம். அங்கே இளஞ்சிவப்பு ஏன் இன்னும் எஞ்சியிருக்கின்றது என்பதை விளக்காது. மஞ்சள் பின்னிடைவான பண்பு. ஆதலின் காட்டிலே இளஞ்சிவப்பு நத்தைகளுள் மறைந்து நின்று நெடுங்காலம் பிழைத்தல் கூடும். இளஞ்சிவப்போ ஆட்சியுடையது. அதனைத் தாங்கும் ஒவ்வொரு மஞ்சட்சார்பு நத்தையும் தன் நிறத்தைப் பறவைக்குக் காட்டியே தீரும். புற்றரையில் அது தொடர்ந்து தீங்கு விளைப்பதாயின் விரைவில் அற்றொழிந்திருத்தல் வேண்டும், அவ்வாறு அற்றொழியவில்லை. எனவே அதனைக் காக்கும் வேறொரு காரணம் இருந்தாக வேண்டும். கெயினும் ஷெப்பார்டும் இதனை உணராதவரல்லர். இரு வேறு அலகுகளை ஒருங்கே உடைய கலப்புயிர் உடல்வலிமை மிக்கதாயிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். ஆயின் பூங்குருவிக்குக் காட்டிய சான்று போன்ற நேரடிச் சான்று அக்கருத்துக்குத் தரப்படவில்லை. பாடநூற் பந்தியோ இவ்விடர்ப்பாட்டையே சொல்லாது விடுகின்றது. ஆய்வாளர் தயங்கிய இடத்திற் பாடநூல் தயங்கவில்லை.

இரண்டாவது தடை களம் பற்றியது. பிரான்சில் மக்சிம் லாமொற் நூற்றுக்கணக்கான குடித்தொகைகளை ஆராய்ந்து 1951 இல் வெளியிட்ட முடிபு வேறு. சிறு குடித்தொகைகள் தம்முள் மிக வேறுபட்டன. பெரிய குடித்தொகைகள் குறைவாக வேறுபட்டன. சிறுதொகையிலே தற்செயலின் ஆட்டம் பெரிதாயிருக்கும் என்பது கணிதம் அறிந்தார் ஒப்புவது. ஆகவே எழுமாற்றான நகர்வுக்கு அவர் பேரிடம் அளித்தார். பின்னர் இங்கிலாந்திலேயே மார்ல்பரோ மேட்டுநிலங்களில் கெயினும் கறியும் 1963 இற் கண்டது இன்னும் குழப்பம் விளைப்பது. பரந்த ஒரு நிலப்பரப்பு முழுவதும் ஒரே வகை மேலோங்கிற்று; அதனை அடுத்த பரப்பில் வேறு வகை மேலோங்கிற்று; நடுவே எல்லை கூர்மையாக அமைந்தது. அவ்வெல்லைக்கு இருமருங்கும் நிலத்தின் நிறமும் புல்லும் ஒன்றே. கெயினும் கறியும் கண்ணுக்குப் புலனாகாத நுண்காலநிலை வேறுபாட்டைக் காரணமாகச் சுட்டினர். குட்ஹார்ட் அதே ஆண்டில், முதலிற் குடியேறிய சில நத்தைகளின் வரலாறே அதற்குக் காரணமாகலாம் என்று வாதித்தார். ஒக்ஸ்போர்டின் வரைபடம் மார்ல்பரோவிற் பயன்படவில்லை என்பதில் மட்டும் இருசாராரும் வேறுபடவில்லை.

மூன்றாவது தடை கண் பற்றியது. மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு என்னும் பகுப்பு மனிதக் கண்ணின் பகுப்பு. பறவையின் கண் புறவூதாக் கதிரையும் உணரவல்லது. இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அங்கஸ் டேவிசனும் உடனாய்ந்தோரும் கருவியால் ஓட்டின் நிறத்தை அளந்து 2019 இல் வெளியிட்ட ஆய்வு, பறவைக்குத் தோன்றும் நிறவெளியில் வைத்து நோக்கின் இவ்வோடுகளின் நிறம் தொடர்ச்சியாக மாறிச் செல்வதையும், மூன்று திரள்கள் காணப்படினும் அவற்றிடையே கூரிய எல்லை இன்மையையும் காட்டிற்று. அரைநூற்றாண்டுக்கு மேலாக எண்ணப்பட்ட மூன்று பெட்டிகளும் எண்ணுவோரின் வசதிக்காக வகுக்கப்பட்டனவே. அன்றியும் நத்தையைத் தின்பது பறவை மட்டுமன்று. இரவில் உலாவும் எலியினங்களும் தின்னும். இருளில் அவை நிறத்தை நாடி வேட்டையாடுவனவாகா.

நான்காவது தடை மனப்பாங்கு பற்றியது. கெயின் 1951 இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில், ஒரு பண்பை நடுநிலையானது என்று கூறுவது ஆய்வாளர் அதன் பயனை இன்னும் கண்டிலர் என்பதையே காட்டும் என்ற கருத்து வற்புறுத்தப்பட்டது. இது சோம்பலைக் கண்டிக்கும் நல்லுரை. ஆயின் அதன் மறுதலையும் உண்மையே. ஒரு பயனைக் கற்பித்துக் கூறுவது, அப்பயனாலேயே பண்பு நிலைத்தது என்பதை மெய்ப்பிக்காது. பறவை பொருந்தாத இடத்தில் வெயிலையும், வெயில் பொருந்தாத இடத்திற் புலனாகாத குளிரையும் அடுத்தடுத்துக் கூறிச் செல்லும் கொள்கை, எந்த எண்ணிக்கையாலும் தோற்கடிக்கப்பட முடியாத கொள்கையாகிவிடும். தோற்க முடியாத கொள்கை வென்றதாகவும் ஆகாது.

பிற்கால ஆய்வுகள்

பின்வந்தோர் இத்தடைகளை மறைக்கவில்லை. பிறையன் கிளாக் 1962 இல் ஒரு வழி காட்டினார். பறவை அடிக்கடி காணும் வகையையே தேடப் பழகுகின்றது. அரிதான வகை அதன் கவனத்துக்குத் தப்புகின்றது. அரிது பெருகினால் அதற்கும் அதே கதி நேரும். இவ்வாறாயின் பல வகைகளும் ஒருங்கே நிலைத்தல் கூடும். முதலாவது தடைக்கு இது சிறந்த விடை. ஜோன்ஸ், லீத், றோலிங்ஸ் ஆகிய மூவர் 1977 இல் எழுதிய மதிப்பீட்டின் தலைப்பே சீப்பேயாவைத் தீர்வுகள் அளவுக்கு மிஞ்சிய பிரச்சினையோ என்று வினவிற்று. இரைகௌவல், வெப்பம், குடியேற்ற வரலாறு, தற்செயல் ஆகிய யாவும் எங்கோ ஓரிடத்தில் மெய். எவ்விடத்தும் மெய்யாவது ஒன்றுமில்லை என்பதே அவர்தம் மதிப்பீட்டின் போக்கு.

2009 ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் பதினைந்து நாடுகளிற் பொதுமக்கள் தத்தம் தோட்டத்து நத்தைகளை எண்ணி அனுப்பும் பெருமுயற்சி நடைபெற்றது. ஏறத்தாழ 3,000 குடித்தொகைகளின் புதிய எண்ணிக்கை, 6,500 இற்கு மேற்பட்ட பழைய எண்ணிக்கைகளோடு ஒப்பிடப்பட்டது. புவி வெப்பமடைவதால் வெயிலைத் தெறிக்கும் மஞ்சள் ஓடு எங்கணும் பெருகியிருக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2011 இல் வெளிவந்த முடிபு அவ்வெதிர்பார்ப்பைப் பொய்ப்பித்தது. கடற்கரை மணல்மேடுகளில் மட்டுமே மஞ்சள் பெருகியிருந்தது. எவரும் எதிர்பாராதவாறு நடுவரி ஓடு பெருகியும் வரியற்ற ஓடு குறைந்தும் காணப்பட்டன. ஒல்லாந்தில் ஏறத்தாழ 8,000 நத்தைகளின் நிழற்படங்களைக் கொண்டு 2019 இல் வெளியான ஆய்வோ, வெப்பம் மிகுந்த நகர் நடுவில் மஞ்சள் ஓடு மிகுந்திருப்பதைக் காட்டிற்று. இரண்டும் முரண்பட்டன போலத் தோன்றும். கண்டம் முழுவதையும் ஒரே கோலால் அளந்தபோது மறைந்த தொடர்பு, ஒரு நகருக்குள் அளந்தபோது வெளிப்பட்டிருக்கலாம். வினா ஒன்றாயினும் அளவுகோலுக்கேற்ப விடை மாறும் என்பதை மாணவர் இதனாற் கற்றல் வேண்டும்.

உறுதியானதென்று மேலே கூறிய வழியுரிமைப் பகுதியும் ஓரிடத்தில் திருத்தம் பெற்றுள்ளது. நிறமும் வரியும் பிணைந்து செல்லல் ஐயமற்றது. அப்பிணைப்பு அரிதாக அறுகின்றது என்று முன்னையோர் கொண்டது மட்டும் 2019 இல் மீளாராயப்பட்டது. அலகு உள்ளிருந்தும் பண்பு வெளிப்படாது போதலும், ஓர் அலகு மற்றொன்றை மறைத்தலும் நேர்வனவாதலின், அறுந்தனவாகக் கணக்கிட்டவற்றுட் சில உண்மையில் அறாதனவாயிருக்கலாம் என்பது தெளிந்தது. 2021 இல் இந்நத்தையின் முழுப் பிறப்புரிமைத் தொடரின் முதல் வரைவு வெளியாயிற்று. ஏறத்தாழ 350 கோடி எழுத்துகள் கொண்ட அத்தொடர், மனிதனுடையதினும் நீண்டது.

உள்ளிருப்பது எப்போதும் வெளித்தோன்றாது என்பதை நம்மவர் வலம்புரிச் சங்கினாலும் உணரலாம். வலம்புரி எனப் போற்றப்படுவது, உயிரியலார் இடச்சுழி என்று கூறும் அரிய சங்கு. ஓட்டின் சுழி எவ்வாறு வழிவருகின்றது என்பதைக் குளத்து நத்தையொன்றிற் பொய்கொற்றும், முன்னர்க் குறித்த டைவரும் 1923 இல் ஆராய்ந்தனர். குஞ்சின் சுழியைத் தீர்மானிப்பது குஞ்சின் பிறப்புரிமையமைப்பன்று. தாயின் பிறப்புரிமையமைப்பே என்று அதே ஆண்டில் ஸ்டேட்டவண்ட் விளக்கினார். ஓட்டைக் கண்ட அளவில் அதன் உள்ளமைப்பைக் கண்டுவிட்டதாக எண்ணுதல் தவறு என்பதற்கு இதனினும் சிறந்த எச்சரிக்கை வேண்டுவதில்லை.

வெப்பநாடுகளும் இலங்கையும்

பூங்குருவியும் இலையுதிர்காடும் இல்லாத நாடுகளுக்கு இவ்வாய்வு தருவது யாது? உகண்டாவில் டெனிஸ் ஓவென் லிமிக்கோலேரியா என்னும் நத்தையை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்ட முடிபு குறிப்பிடத்தக்கது. நத்தைகள் ஐதாக வாழும் இடங்களிற் கீற்றோடு ஒன்றே பெரும்பான்மை. நெருங்கி வாழும் இடங்களில் வெளிறிய வகைகளும் பெருகின. கிளாக்கின் கருத்துக்கு இது துணை செய்கின்றது. பசிபிக்கின் மூரியாத் தீவில் வாழ்ந்த பாட்டுலா நத்தைகளைக் கிராம்ப்டனும், அவருக்குப் பின் கிளாக்கும் மறேயும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி இயற்கையாக முடிவுறவில்லை. ஆபிரிக்கப் பெருநத்தையை ஒழிக்கவென 1977 இல் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஊனுண்ணி நத்தை, பெருநத்தையை விடுத்துப் பாட்டுலாவைத் தின்றது. பத்தாண்டுகளுள் மூரியாவின் பாட்டுலா இனங்கள் காட்டில் அற்றன. விலங்குக் காட்சிச்சாலைகளில் வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்களை 2015 தொடக்கம் மீண்டும் அப்பகுதித் தீவுகளில் விட்டு வருகின்றனர். ஆய்வாளர் விவாதித்துக்கொண்டிருக்கையில் ஆய்வுப்பொருளே மறையலாம் என்பதற்கு இது சான்று.

இலங்கையில் 240 இற்கு மேற்பட்ட நிலநத்தை இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை வேறெந்நாட்டிலும் இல்லாதன. ஈரவலயத்து மரங்களில் வாழும் அக்காவசு நத்தைகள் அவற்றுள் எழில் மிக்கவை. லின்னேயசு 1758 இற் பெயரிட்ட இனத்தின் பெயர் ‘குருதிவாய்’ என்று பொருள்படும். அவ்வினத்திலேயே ஓட்டுவாயின் நிறம் இடத்துக்கிடம் வேறுபடும். தென்மேற்குக் கரையிற் கருவாய் உடையதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேறாகப் பெயரிட்டனர். பூங்குருவிக் கதையை இங்கு ஒட்டிவிடுதல் எளிது. ஆனால் அது முறையன்று. அக்காவசு ஒருமுறை இடும் முட்டைகள் மிகச் சில. அது வாழ்வது தரையிலன்று, மரத்திலே. அதன் பகையும் ஒளியும் வேறு. சீப்பேயாவிலிருந்து இங்கு கொண்டுவரத்தக்கது வினாவே, விடையன்று.

சொறிக்கல்முனையின் ஆபிரிக்கப் பெருநத்தையிடம் இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. அதன் வரலாறு அறியப்பட்டது. பென்சன் என்பார் மொரீசியசிலிருந்து கொணர்ந்த சிலவற்றை 1847 இற் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். 1900 இல் ஒலிவர் கொலெற் என்பார் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொணர்ந்தார். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிலவே வந்தன. அச்சிலவற்றின் வழித்தோன்றல்களே இன்று தாழ்நிலமெங்கும் ஊர்வன. ஆபிரிக்காவுக்கும் இந்து சமுத்திரத் தீவுகளுக்கும் வெளியே பரவிய இவ்வினத்திற் பெரும்பாலும் ஒரே தாய்வழி வகையே காணப்படுகின்றதென 2014 இல் வெளியான பிறப்புரிமை ஆய்வு காட்டிற்று. இத்தகைய இனத்தில் இரு ஊர்களிடை ஓட்டின் கீற்று வேறுபடுமாயின், முதலில் ஐயுற வேண்டியது பறவையையன்று. வயதையும் உணவையும் மண்ணின் சுண்ணாம்பையும் குடியேறிய வரலாற்றையுமே.

ஆகவே செண்பகம் உடைத்த ஓடுகளை ஒரு மாணவன் பொறுக்கி எண்ணுவதாயின், அவன் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் தெளிவு. எண்ணத் தொடங்குமுன்னரே வகைகளை வரையறுத்தல் வேண்டும். எண்ணியபின் கொள்கைக்கேற்ப வகையை மாற்றலாகாது. உடைந்தவற்றை எண்ணும் அதே கிழமையில், அதே வளவில் உயிரோடுள்ளவற்றையும் எண்ணல் வேண்டும். ஒரு வளவின் கணக்கால் ஊரை அளக்கலாகாது. வேறுபாடு கண்டால், அது தலைமுறைக்குச் செல்கின்றதா என்பதை இளநத்தைகளை ஒரே உணவில் வளர்த்து அறிதல் வேண்டும். வழிவராத வேறுபாட்டின்மீது தேர்வு நிகழ்ந்தாலும் கூர்ப்பு நிகழாது. இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. குறிப்பேடும், சில பெட்டிகளும், மூன்று மாரியேனும் காத்திருக்கும் பொறுமையும் போதும். வளர்த்தவற்றை வெளியே விடாதிருத்தலும் கடமை. மூரியாத் தீவின் கதையை அறிந்தவர்க்கு அதன் காரணம் கூறவேண்டுவதில்லை.

முடிபு

கெயினும் ஷெப்பார்டும் செய்த பணி வினாவெழுப்பிய முறையாலும், எண்ணிய நேர்மையாலும், நடுநிலை எனக் கைவிடப்பட்ட பண்பை ஆய்வுக்குரியதாக்கிய துணிவாலும் நிலைபெறுகின்றது. ஒக்ஸ்போர்டின் காடுகளில் நிலத்தின் நிறமும் ஓட்டின் நிறமும் பறவையால் இணைக்கப்பட்டன என்பது இன்றும் மறுக்கப்படாதது. அதனையே எந்நாட்டு எந்நத்தைக்கும் உரிய முடிந்த முடிபாக்கியது பாடநூலின் பிழை. ஆய்வாளரைக் குறைகூறுமுன் அவர்தம் ஆய்வை ஒரு பந்தியாகச் சுருக்கியோரைக் குறைகூறுதல் தகும். சுருக்கத்தில் முதலிற் பலியாவது ஐயம். அறிவியலின் பெறுமதி மிக்க பகுதியும் அதுவே.

எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு சிறு நத்தையின் முதுகிலுள்ள ஐந்து வரிகள் பேரறிஞர் பலரை முடிபின்றி வைத்திருக்கின்றன. அதனைத் தோல்வி என்று கருதும் மாணவன் பந்தியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவான். அதனை அழைப்பு என்று கருதுபவன் அடுத்த மழை விட்டதும் வேலியோரம் சென்று எண்ணத் தொடங்குவான். கல்லூரிகள் எவ்வகை மாணவனை உருவாக்க விழைகின்றன என்பதை, அப்பந்தியை ஆசிரியர் கற்பிக்கும் முறையே தீர்மானிக்கும்.